கலவைக்காரர் பேச ஆரம்பித்தார்

"இருந்த 'ம்மா'வும் போச்சு" என்றாள் மனைவி.

போன மாதம்வரை மகளிடம் 'ம்மா', 'தா' என்று இரண்டு சொற்களாவது இருந்தன. இரண்டரை வயதுக்கு அது போதாது என்று அப்போது சொன்னார் சுகாதார நிலைய நர்ஸ்.

"பிள்ளைகிட்ட பேசுங்க. குளிப்பாட்டறப்ப, சோறு ஊட்டறப்ப, செய்யறதை எல்லாம் சொல்லிக்கிட்டே செய்யுங்க. ஒரு மாசம் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்."

பெரிய ஆஸ்பத்திரி என்றதும் அப்பன் பேசியே தீருவதென்று முடிவு செய்தார். கட்டட வேலையில் கலவை இயந்திரம் ஓட்டுகிறவர். அந்த இரைச்சலில் பத்து வருடம் நின்றவர், சொல்ல வேண்டியதைக் கத்திச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். பதில் வந்ததா என்று நின்று கேட்கும் கெட்ட பழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது.

அன்று மாலையே மகளை எதிரில் உட்காரவைத்து ஆரம்பித்தார்.

"அப்பா சட்டை கழட்டறேன். இது மேல் பட்டன். இது ரெண்டாவது. மூணாவது இல்ல, போன வருஷமே போச்சு."

மகள் வாயைத் திறந்தாள்.

"இரு கண்ணு, இன்னும் இருக்கு" என்று நான்காவது பட்டனுக்குப் போனார்.

ஒரு வாரம் ஆயிற்று. பிள்ளை அவரை முறைத்துப் பார்த்ததோடு சரி. கலவை தண்ணியாக இருந்தால் சிமென்ட் கூட்ட வேண்டும். இது தெரியாதவரா அவர்? சத்தத்தைக் கூட்டினார்.

கீழ்வீட்டுத் தையல்காரர் மாடியேறி வந்தார்.

"அண்ணே, உங்க சட்டையில எத்தனை பட்டன் இல்லன்னு தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. கொண்டாங்க, சும்மாவே தச்சுத் தரேன். கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"பிள்ளை பேசணுமே தம்பி."

"எம் பையன் பேசிட்டான். ஒரு வயசுதான் ஆகுது. வாயைத் திறந்ததும் 'பட்டன்'ங்கறான்."

ஊரான் பிள்ளை பேசிவிட்டது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மனைவியையும் இறக்கிவிட்டார். அவள் பாத்திரத்தைப் பற்றிச் சொல்ல, இவர் பல் துலக்குவதைப் பற்றிச் சொல்ல, இருவரும் ஒரே நேரத்தில் பேசிப் பேசித் தொண்டை கட்டியது. போதாக்குறைக்குத் தன் பேச்சைப் போனில் பதிந்து வைத்தார். அவர் வேலைக்குப் போன பிறகும் வீட்டில் அவரே பேசிக்கொண்டிருந்தார்.

பிள்ளை எல்லாவற்றுக்கும் விரலை நீட்ட ஆரம்பித்தது. 'ம்மா' போனது அப்போதுதான்.

கெடு முடிந்தது. நர்ஸ் ஒரு படத்தைக் காட்டினார்.

"இது என்ன பாப்பா?"

"பூனை. கறுப்புப் பூனை. வால் நீளம்" என்றார் அப்பன்.

"கேள்வி உங்களுக்கு இல்லீங்க."

அடுத்த படத்துக்கும் அவரே பதில் சொன்னார். அதற்கடுத்ததற்கும்.

"கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்று நர்ஸ் கதவைச் சாத்தினார்.

வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்துக்கூட வைத்தார்.

கால்மணி நேரம் கழித்து நர்ஸ் வந்தார். கையில் கடிதம் இல்லை.

"அத்தனை படத்துக்கும் பேர் சொல்லிட்டா. என் செருப்பு அறுந்திருக்குன்னுகூடச் சொன்னா."

"வீட்டுல ஒரு வார்த்தை பேசலியேம்மா."

"நானும் அதைத்தான் அவகிட்ட கேட்டேன். 'அப்பா பேசறாங்க'ங்கறா."