முட்டை தோசைக்கு நான் காட்டிய சைகை

வீட்டில் கதை எழுதுகிற ஆள் ஒருவர் இருந்தால் மற்றவர்கள் ஜாக்கிரதையாக வாயைத் திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் எழுதுவது மலர் அக்கா. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் (கணக்குலதாங்க போச்சு, தமிழ்ல பாஸு) அவளைக் கிண்டலடிப்பதையே தொழிலாக வைத்திருந்தேன். மீதி நேரத்தில் அதியமான்கோட்டையில் பஞ்சர் ஒட்டுவேன்.

அக்காவுக்குத் தர்மபுரி மருந்துக்கடையில் வேலை. வயசுப் பிள்ளைகள் படிக்கிற நாவல்களை இண்டூர் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து போனிலேயே எழுதுவாள். பஸ் வழியில் நின்றுபோனால் அத்தியாயம் நீளும். எழுதியதைச் சமையலறையில் ஒவ்வொருத்தர் குரலிலும் பேசிப் பார்ப்பாள். (பக்கத்து வூட்டுக்காரங்க, எங்க வூட்ல தெனமும் சண்டைன்னு நெனச்சாங்க.) தெரியாத ஆளை எழுதவே மாட்டாள். லாரி கிளீனர் பையனை எழுதுவதற்காக லாரியில் ஏறி, தொப்பூர் கணவாய் முழுக்க வாந்தி எடுத்தாள். கன்னடம் பேசுகிற பெண்ணுக்காக அப்படி ஒரு வீட்டில் களி தின்றுகொண்டு நாள் முழுக்கப் பேச்சைக் கேட்டாள்.

"ஏன்க்கா, நம்மளாட்டம் ஆளுங்களையே எழுதுனா வேலை சுளுவா முடியுமில்ல?"

"பஸ்ல எத்தன விதமான சனங்க ஏறுறாங்க? எங்கதைல நம்ம வூட்டாளுங்களே சீட்டு புடிச்சிட்டா, மத்தவங்கல்லாம் நின்னுக்கிட்டே வரணுமாடா?"

நான் சாப்பிடப் போய்விட்டேன்.

அடுத்த நாவலின் நாயகன் காது கேளாத பையன். அங்கேதான் மாட்டிக்கொண்டாள். "அப்பிடி ஒருத்தர்கிட்ட பழகாம எழுத மாட்டேன். யாரும் கெடைக்கலன்னா இந்த நாவலே வேணாம்" என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. நானே உதவுவதென்று முடிவு செய்தேன். (சனியன் புடிச்சது அங்கதான்.)

"தொப்பூர் ஓட்டலுக்கு அந்த மாதிரி ஒருத்தன் வருவான், வாக்கா" என்று பைக்கில் கூட்டிப் போனேன். அவளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, நான் வேறு மேசைக்குப் போய் அந்த 'ஒருத்தன்' ஆனேன். ஜனங்கள் என்னை எப்படி நடத்துகிறார்கள் என்று அக்கா பார்த்து எழுதிக்கொள்வாள் என்பது திட்டம். அக்கா கண்ணாலேயே 'எந்திரிடா' என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சப்ளையர் வந்தார். "என்னா சாப்பிடுறீங்கண்ணா?"

காதைத் தொட்டுக் கையை விரித்தேன். எனக்கு வேண்டியது முட்டை தோசை. முழங்கைகளை மடக்கி இறக்கை அடித்தேன். அவருக்குப் புரியவில்லை. பெஞ்சின் மேல் ஏறிக் குந்தி, முக்கி, அடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் காட்டினேன். லாரி டிரைவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

கல்லாவில் இருந்த பெண் எழுந்து வந்தாள். என் எதிரில் நின்று, விரல்களால் நிதானமாக, அழகாக ஏதோ கேட்டாள். நிஜமான சைகை மொழி! நான் மறுபடியும் இறக்கை அடித்தேன். அவள் உள்ளே போய், தோசைக்கல் முன்னால் நின்ற தன் தம்பியை அழைத்து வந்தாள். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தான். சொந்தக்காரனைப் பார்த்துவிட்ட மாதிரி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவன் கைகள் மடமடவென்று பேசின. நான் பதற்றத்தில் இன்னும் வேகமாக இறக்கை அடிக்க, முழங்கை பட்டு மேசையிலிருந்த சாம்பார் வாளி தொடையில் கவிழ்ந்தது.

"அய்யோ ஆத்தா!"

என் வாய் கத்தியதை அந்தப் பையனும் பார்த்துவிட்டான். அவன் கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன.

"பேச வருதுங்களா உங்களுக்கு?" என்றாள் அவன் அக்கா. "எங்க கோபி எவ்ளோ ஆசையா ஓடியாந்தான் தெரியுங்களா?"

மலர் அக்கா எழுந்து வந்தாள். "எந் தம்பிதாங்க. மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, கோபியைப் பார்த்துக் கை கூப்பினாள்.

கோபி என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு முழங்கையை மடக்கி இறக்கை அடித்து, குந்தி, முக்கி, ஒரு முட்டையை எடுத்து என் முன்னால் பத்திரமாக வைத்தான். அச்சு அசல் நான். ஓட்டலே உருண்டு சிரித்தது.

"ஞாயித்துக்கெழம நான் திரும்ப வரலாங்களா?" என்று அக்கா கேட்டாள். "இவன் இல்லாம."

அவன் அக்கா கையால் அதைச் சொன்னதும் கோபி தலையாட்டினான். பின்பாதிக்கு இன்னும் பலமாக.

ஞாயிறுதோறும் போனாள், சைகை கற்றாள், நடுவில் எழுதிய கொஞ்சத்தையும் படிக்கக் கொடுத்தாள். கோபி கேட்டானாம்: "இந்தப் பையன் ஏன் எப்பப் பாத்தாலும் ஜன்னலோரமா நின்னு அழுவுறான்? யாரையும் கலாய்க்கவே மாட்டானா?" பஸ்ஸில் ஏறியதும் அக்கா அத்தனையையும் அழித்துவிட்டாள். (நானா இருந்தா ஜன்னல மட்டும் எடுத்திருப்பேன்.) புதிதாக எழுதியதில் நாயகன்தான் வகுப்பிலேயே பெரிய குறும்பன். புத்தகம் வந்ததும் முதல் பிரதி கோபிக்குப் போனது. அடுப்படியிலேயே நின்று படித்தான். தோசை கருகியது, அவன் திரும்பவில்லை. என் அக்கா எவ்வளவு பெரிய ஆள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. (அவகிட்ட சொல்லிடாதீங்க.)

சைகை மொழியில் ஒவ்வொருவரையும் கூப்பிடத் தனியாக ஒரு பெயர்ச் சைகை வைப்பார்களாம். கோபி அக்காவுக்கு வைத்தது, போனில் தட்டுகிற கட்டைவிரல். எனக்கு வைத்தது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அம்மா இப்போதெல்லாம் எங்கள் தக்காளித் தோட்டத்திலிருந்து என் பெயர் சொல்லிக் கத்துவதில்லை. வரப்பில் நின்று முழங்கையை மடக்கி இறக்கை அடிக்கிறாள். நானும் "வரேம்மா" என்று ஓடுகிறேன்.