சிமெண்டுக்குப் பத்தியம் இருந்தவர்

உலகத்தில் சிமெண்டுக்காகப் பத்தியம் இருந்த ஒரே மனிதர் எங்கள் ஈரச்சாக்கு நைனாதான். இன்னொருவர் இருந்தார் என்று யாராவது நிரூபித்தால் என் கல்யாணப் பட்டு வேட்டியை அவருக்கே கொடுத்துவிடுகிறேன். அதில் கறை இருக்கும். அது எப்படி வந்தது என்பதுதான் கதை.

ஐம்பதுகளில் திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர்ப் பக்கம் புதிதாக ஒரு பெரிய ரோடு போட்டார்கள். ரயில் பாதைக்கு மேலே ஒரு பாலம், கால்வாய்க்கு மேலே ஒரு பாலம், நடுவில் நாலு ரோடும் வந்து சேர ஒரு பெரிய வட்டம். வட்டத்தைச் சுற்றித்தான் போகவேண்டும் என்று சொன்னபோது மாட்டு வண்டிக்காரர்கள் தலையாட்டினார்கள். மாடுகள் ஒப்புக்கொள்ளவில்லை, குறுக்கேதான் போயின. அந்த ரோட்டு வேலையில் நான் டைம்கீப்பர். யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று பார்ப்பதற்குச் சம்பளம்.

நைனாவுக்குக் கால்வாய்ப் பாலத்தில் தண்ணீர் விடும் வேலை. கான்கிரீட் போட்டதும் அதன்மேல் களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, ஓரமெல்லாம் ஈரச் சாக்கு போர்த்தி, வாரக்கணக்கில் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வெடித்துவிடும். மற்றவர்கள் இதை வேலையாகச் செய்வார்கள். நைனா இதைப் பிரசவமாகச் செய்தார். அவர் தோளில் எந்நேரமும் நாலைந்து சாக்கு சொட்டிக்கொண்டே இருக்கும். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஹாஜர் எடுக்கும்போது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரும் திரும்பிப் பார்ப்பார்.

கான்கிரீட் இறுகும்போது கொஞ்சம் சூடாகும். அது அதன் இயல்பு. நைனா புறங்கையால் தொட்டுப் பார்ப்பார், முகம் வாடிப்போகும்.

"ஒடம்பு சுடுதுபா. சாக்க நனைச்சிப் போடு."

அன்றிலிருந்து பத்தியம் ஆரம்பம். எண்ணூரில் இருந்துகொண்டு மீன் கிடையாது, கருவாடு கிடையாது, வெறும் ரசஞ்சோறு. ஏன் நைனா என்று கேட்டால், "நான் கண்டதைத் துன்னா கொளந்தைக்கி ஒத்துக்காது" என்பார்.

ஒரு நாள் மேல் இன்ஜினியர் பாலத்தைப் பார்க்க வந்தார். நைனா வழியை மறித்துக்கொண்டார். "ஷூவக் கயட்டு சார். புள்ள பொறந்த வூடு." இன்ஜினியர் கான்ட்ராக்டரைப் பார்த்தார். கான்ட்ராக்டர் வானத்தைப் பார்த்தார். கடைசியில் அவ்வளவு பெரிய மனிதர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பேண்ட்டை மடித்துவிட்டுப் பாத்தித் தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்ததை ஊரே பார்த்தது.

மழை வந்தாலும் அவர் ஓயமாட்டார். கொட்டுகிற மழையில் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருப்பார். "அது ஊராந் தண்ணிபா, நம்ம கைத்தண்ணி ஆவுமா?" சோறு கொண்டுவரும் அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வார். "வூட்ல அஞ்சு புள்ளைங்க கீது. ஒண்ணு தலைல ஒரு சொம்பு தண்ணி ஊத்தினது கெடையாது இந்த மன்சன். இங்க வந்து கல்லக் குளிப்பாட்டிகினு கீறாரு!"

இப்பேர்ப்பட்டவர் கையில்தான் என் கல்யாணம் மாட்டிக்கொண்டது.

பெண்ணுக்கு எர்ணாவூர்; கால்வாய்க்கு அந்தக் கரை. என் மாமனாருக்குத் தன் அக்கா மகனுக்குப் பெண்ணைக் கொடுக்கத்தான் ஆசை. பெண்தான் என்னைக் கட்டிக்கொள்வேன் என்று பிடிவாதமாக நின்றாள். மனுஷர் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டு ஒரு கொக்கியும் போட்டார். "முகூர்த்தத்துல மாப்ள மணைல இல்லன்னா, எங்கக்கா புள்ள ஒக்காந்துடுவான். அப்புறம் பேஜாரு பண்ணக் கூடாது."

கல்யாணத்தன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து மேளதாளத்தோடு கிளம்பிக் கால்வாய்க் கரைக்கு வந்தால், அங்கே இருந்த மர நடைபாலத்தைக் காணோம். முந்தின நாள் மழையில் விறகுப் படகு ஒன்று கயிறு அறுத்துக்கொண்டு வந்து அதை முறித்துப்போட்டிருந்தது. முறிந்த கட்டைகள் வழியை அடைத்ததால் பின்னால் வந்த படகுகளெல்லாம் கரையோரம் வரிசையாக நின்றன. சுற்றிக்கொண்டு போனால் அக்கா மகனுக்கு மொய் எழுதத்தான் போய்ச் சேரமுடியும்.

மிச்சம் இருந்தது புதுப் பாலம். வண்டிதான் கூடாது, ஆள் நடக்கலாம் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். ஆனால் பாலத்தின் வாயில் நைனா நின்றார்.

"இன்னா டைம்கீப்பரே, மாலையும் கய்த்துமா?"

"வயி வுடு நைனா, முகூர்த்தம் போவுது!"

"கொளந்த தூங்குது."

"இன்ஜினியரே நடக்கலாம்னு சொல்லிட்டாரு!"

"அவுரு சொல்வாரு. வளக்கறது நானு." சொல்லிவிட்டுப் பாத்தித் தண்ணீரில் குறுக்கே படுத்துக்கொண்டார். என் அம்மா அவரைத் தாண்டிப் போகச் சொன்னார்; காலைத் தூக்கினால் நைனா அதைப் பிடித்துக்கொண்டார். நாயனக்காரர், இப்படி ஒரு கல்யாணத்துக்கு எந்த ராகம் வாசிப்பது என்று கவலைப்பட்டார்.

எதிர்க்கரையில் மாமனார் குடையோடு நின்றார். பக்கத்தில் அக்கா மகன், புது வேட்டி கட்டி, பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். "ஐயரு எந்திரிக்கறாரு! வறீங்களா, இல்லியா?" என்று மாமனார் கத்தினார். எல்லோருக்கும் பின்னால் கூரைப்புடவையில் கல்யாணப் பெண். மணையிலிருந்து எழுந்து ஓடி வந்துவிட்டாள் போலிருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு உயிரே போய்விட்டது.

நைனா படுத்தபடியே கழுத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு அயுவுதே."

எழுந்தார். நேரே சரிவில் இறங்கிப் படகுக்காரர்களிடம் ஓடினார். "இன்னாங்கடா வேடிக்க? படகைக் குறுக்கால வுடுங்கடா! கட்டுங்கடா ஒண்ணோட ஒண்ணு!" அவர் போட்ட சத்தத்தில் படகுகள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை அணிவகுத்தன. ஆனால் எல்லாவற்றிலும் சுண்ணாம்புக் கிளிஞ்சல் குவிந்திருந்தது. காலை வைத்தால் கத்தியாக அறுக்கும். நைனா பாலத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. விறுவிறுவென்று மேலே ஏறி, பாலத்தின் மேலிருந்த ஈரச் சாக்கையெல்லாம் உருவி வந்து படகுக்குப் படகு விரித்தார்.

"நட டைம்கீப்பரே. கொளந்த கொஞ்ச நேரம் போத்திக்காம கெடக்கட்டும்."

நடந்தேன். பின்னால் மேளம், அம்மா, சீர்த்தட்டு எல்லாம் ஆடி ஆடி வந்தன. வேட்டியெல்லாம் சிமெண்டுச் சேறு. மணையில் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். அக்கா மகன் சீப்பைப் பையில் வைத்துக்கொண்டு பந்திக்குப் போனார்.

கடைசி ஆள் கரையேறியதும் நைனா சாக்கைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார். நான் பந்தி முடிந்து இலைச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். பாயசம் வேண்டாம், வடை வேண்டாம், ரசஞ்சோறு மட்டும் வாங்கிக்கொண்டார். என் குடும்பத்தை அக்கரை சேர்த்தவருக்கு நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அந்தக் கடன் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

இப்போது அவர் இல்லை. பாலம் இருக்கிறது, அதன்மேல் லாரி லாரியாகப் போகிறது. கல்யாண நாள் தவறாமல் நானும் என் மனைவியும் பஸ்ஸில் போய் அங்கே இறங்கி, கைப்பிடிச் சுவரில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறோம். போகிற வருகிறவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவள் அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் சுவரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வாள்:

"ஒடம்பு சுடல நைனா. கொளந்த நல்லா கீது."