தெரிந்தவர்களுக்கு மட்டும்

கோலார் தங்கவயலில் பாதாளத்தில் கிடந்த தங்கத்தைக்கூட வெட்டி எடுத்துவிட்டார்கள். சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைனில் குடியிருக்கும் மூடியின் வாயிலிருந்து ஒரு விஷயத்தை வெளியே எடுக்க மட்டும் யாராலும் முடிந்ததில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எங்கள் நந்திதுர்க் பகுதியில் அந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரரே விழிப்பார். மூடி வீடு என்று கேட்டால் தெருநாய்கூட வழி காட்டும்.

எதையும் மூடித்தான் வைப்பார். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் ஆட்டுக்கறி வாங்கினால் பையின் மேலே கத்தரிக்காயைப் பரப்பிக்கொண்டு வருவார். கொஞ்ச நேரத்தில் குழம்பு வாசனை லைன் முழுக்கச் சுற்றி வரும். "இன்னா மூடி, இன்னிக்கு மட்டனா?" என்று டீக்கடை ஜோசப் கேட்டால், "இந்த ஊரு கத்திரிக்கா அப்பிடித்தான் வாசன அடிக்குது, அதுக்கு நான் இன்னா பண்றது?" என்பார்.

தேர்தலன்று ஓட்டுப் போட்டு வெளியே வந்ததும் மை வைத்த விரலில் பேண்டேஜ் சுற்றிக்கொள்வார். யாருக்குப் போட்டார் என்பது இருக்கட்டும், போட்டாரா என்பதே வெளியில் தெரியக்கூடாது. ஒருமுறை வயிற்று வலிக்கு டாக்டரிடம் போனவர், என்ன செய்கிறது என்ற கேள்விக்கு, "அத நீங்கதான் கண்டுபுடிச்சி சொல்லணும்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பேனாவை மூடினார். "அப்ப நீங்க மாட்டாஸ்பத்திரிக்குப் போங்க பெரியவரே. அங்கதான் யாரும் பேஷண்டக் கேள்வி கேக்க மாட்டாங்க."

சுரங்கத்தை மூடும்வரை அவருக்கு அதன் அடியில் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கும் வேலை. நான் மேலே டைம் ஆபீஸ் குமாஸ்தா, ஆங்கிலத்தில் பி.ஏ. பட்டம் பெற்றவன் என்ற மிதப்பு உள்ளவன். ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"அடியிலேர்ந்து எங்கள ஏத்திக்கினு கேஜ் மேல வந்து நின்னதும் சட்டையக் கழட்டு, வாயத் தொற, கையத் தூக்குன்னு நிக்க வெப்பான். வேல செஞ்ச நாள் பூரா தங்கம் திருடினியான்னு தடவிப் பாத்தானுங்க சார். ஒரு பொடி கெடச்சுதா? போதும். இனிமே எவனுக்கும் எதையும் காட்டறதா இல்ல."

மனைவி காலமானபின் தனி ஆள். ஒரே மகள் நிம்மி (பெயரை மாற்றியிருக்கிறேன்) குடிகாரக் கணவனிடம் அடி வாங்க முடியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கோ போய்விட்டாள் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். எங்கே என்று யாருக்கும் தெரியாது. மூடிக்கும் தெரியாது என்றே நினைத்தோம். மருமகன் குடித்துவிட்டு வந்து வாசலில் நின்று கத்தும்போதெல்லாம், "எனுக்கு இன்னாப்பா தெரியும்? பொண்ணு மேல அக்கற உள்ளவன் நீதான், நீயே தேடு" என்று கதவைச் சாத்துவார்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ரயிலில் எங்கோ போவார். ஜோசப்பிடம் திருப்பதி என்பார், என்னிடம் பெங்களூர்க் கண்ணாஸ்பத்திரி என்பார். "திருப்பதி போனீங்களே, லட்டு எங்க?" என்று ஜோசப் மடக்கினால், "வரிசையில நின்னேன், கதவ மூடிட்டானுங்க" என்பார். நாங்கள் சிரிப்போம்.

அப்படிப்பட்டவர் போன வருஷம் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக்கொண்டு, அதையும் துண்டால் மூடிக்கொண்டு, என் வீட்டுக்கு வந்தார்.

"எதுக்குன்னு கேக்காதீங்க சார். நான் யாருன்னு, எங்க கீறேன்னு எவனுக்கும் தெரியக்கூடாது. அந்த மாதிரி பண்ணிக் குடுங்க."

செயலி ஒன்றைத் திறந்தேன். அதில் படம் அனுப்பலாம், முகம் பார்த்துப் பேசலாம். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். 'உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு உயிர்' என்று முதல் திரை சொன்னது.

"பாத்தீங்களா, கம்பெனிக்காரனுக்கே புரியுது" என்றார் மூடி.

அடுத்த திரையில், நீங்கள் இருக்கும் இடம் யாருக்குத் தெரியலாம் என்று கேட்டு இரண்டு பொத்தான்கள். எல்லோருக்கும் என்று ஒன்று. தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று இன்னொன்று. பச்சை நிறம், பக்கத்தில் ஒரு பூட்டுப் படம்.

"யாருக்கும் வேணாம்னு ஒண்ணு இல்லியா சார்?"

இருந்தது. கீழே, சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் இருந்தது. அதை நான் பிறகுதான் பார்த்தேன். அப்போது தேடக்கூட இல்லை. தெரியாது என்று சொல்லவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "பூட்டுப் போட்டிருக்கு பாருங்க. இதுதான் பாதுகாப்பாம். டோக்கன் குடுக்காம கேஜ்ல ஏறுவீங்களா?" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அந்தக் காலத்தில் அடியில் இறங்கும் ஒவ்வொருவரும் எங்கள் ஆபீஸ் ஜன்னலில் பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். ஷிப்ட் முடிந்து பலகையில் ஒரு டோக்கன் மிஞ்சினால் ஓர் ஆள் கீழே மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். உடனே தேடப் போவார்கள். நாம் எங்கே இருக்கிறோம் என்று மேலே ஒருவனுக்குத் தெரிந்திருப்பதுதான் எங்கள் ஊரில் பாதுகாப்பு. வேறு ஊர்க்காரராக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்.

"தெரிஞ்சவங்கன்னா நீங்கதான சார்?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன், உள்ளுக்குள் பூரித்து. பொத்தானை அழுத்தினேன். உங்களுக்குத் தெரிந்தவர்களைக் கண்டறிய உதவட்டுமா என்று இன்னொரு திரை வந்தது. படிக்காமலே சரி என்றேன்.

தெரிந்தவர்கள் என்று அந்தச் செயலி நினைத்தது, அவர் போனில் எண் பதிந்திருந்த அத்தனை பேரையும். மருமகன் எண்ணை அவர் அழிக்கவில்லை. அழித்தால் அழைப்பது யார் என்று தெரியாமல் எடுத்துவிடுவோமே என்று 'எடுக்காதே' என்ற பெயரில் பத்திரமாகப் பதிந்து வைத்திருந்தார். இயந்திரத்துக்கு எடுக்காதே என்பவரும் ஒரு தெரிந்தவர்.

இதுவரை சொன்னது அறியாமை. இனி சொல்வதற்கு அந்தச் சாக்கு கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் போனில் ஒரு நீலப் புள்ளி, மூடியின் படத்தோடு, ரயில் பாதையில் நகர்ந்தது. ஜோசப்பிடம் ஓடினேன். அவர் போனிலும் அதே புள்ளி. அவரும் நானும் கைதட்டிச் சிரித்தோம்.

"சார், திருப்பதிப் பெருமாள் எப்ப பெங்களூருக்கு வூடு மாத்தினாரு?" என்றார் ஜோசப்.

"கண்ணாஸ்பத்திரியும் தாண்டிட்டார்யா!"

"வயசான காலத்துல யாரு வூட்டுக்குப் போறாரோ! மாத்தாடாதீங்க சார், வாய மூடிக்கினு நல்லா பாப்போம்."

வாரக்கணக்கில் பார்த்தோம். ஒரே சந்து, ஒரே வீடு. ஜோசப் போனில் தெரிகிறதே, இன்னும் யார் போனில் தெரியும் என்ற கேள்வி எனக்கு எழுந்தது. பொய் சொல்லவில்லை, எழுந்தது. ஆனால் சொன்னால் வேடிக்கை முடிந்துவிடும். வாழ்நாள் முழுக்க மூடியிருந்த பாத்திரம் திறந்திருக்கிறது; இன்னும் ஒரு வாரம் என்று தள்ளிப்போட்டேன்.

அந்த வாரத்தில்தான் மருமகன் அந்தச் சந்துக்குப் போனான். மூடி ரயிலேறித் திரும்பிய பிறகு கதவைத் தட்டியிருக்கிறான். தாத்தா எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார் என்று குழந்தைதான் திறந்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் பிடித்து இழுப்பதற்குள் நிம்மியின் கை முறிந்துவிட்டது. போலீஸ் அவனைக் கொண்டுபோனது, சில நாளில் வெளியேயும் விட்டது. அதற்குள் நிம்மி குழந்தையோடு வேறெங்கோ போய்விட்டாள். போகும்முன் ஒருமுறை அழைத்தாளாம். "அப்பா, இந்தத் தபா உங்களுக்குக்கூட சொல்ல மாட்டேன். கோச்சிக்காதீங்க."

மூடி என் வீட்டுக்கு வந்தார். போனைத் துண்டால் மூடாமல் கையில் அப்படியே பிடித்திருந்தார்.

"சார், நான் இதுல தெரியறனா?"

"தெரியறீங்க."

"உங்க போன்லயா?"

"எல்லார் போன்லயும்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். சிரிச்சேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "ஆஸ்பத்திரியில கொழந்த என்னக் கேட்டுது சார், தாத்தா நீ சொல்லிட்டியான்னு" என்றார். அவ்வளவுதான். அழவும் இல்லை.

போனை வாங்கி, இடம் காட்டுவதை நிறுத்தப் போனேன். 'உங்கள் பாதுகாப்பைக் கைவிடுகிறீர்களா?' என்று கேட்டது அந்தச் சனியன். மூடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம், உடுங்க. நிம்மி நெம்பரும் இதுல கீது. அவ எங்க கீறான்னு எனக்குத் தெரிய வேணாம். அப்பன் உசுரோட இங்கதான் கீறான்னு அவ பாத்தா போதும்."

"அவங்க போனையே மாத்தியிருப்பாங்க."

"மாத்தட்டும். எந்த போன்ல போட்டாலும் என் நெம்பர் அவளுக்கு மனப்பாடம்."

"அவனும் பாப்பானே?"

"பாத்துக்கினே இருக்கட்டும். நான்தான் எங்கயும் போகப் போறதில்லியே."

அன்றிலிருந்து அவர் ரயில் ஏறவில்லை. கறி வாங்க ராபர்ட்சன்பேட்டைக்கும் போவதில்லை. சாமான்களை நான் வாங்கிக் கொடுக்கிறேன். நீலப் புள்ளி எங்கள் லைனைவிட்டு அசைவதில்லை. நிம்மியிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அவள் பார்க்கிறாளா என்பதை அறியும் வழியும் இல்லை. இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டேன். "இனிமே மூட இன்னா கீது? எழுதுங்க" என்றார்.

எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். போனில் சார்ஜ் இறங்கிப் புள்ளி மறைந்தால் மகள் பயந்துவிடுவாள் என்பது அவர் கவலை. கரண்ட் போனதும் நான் பவர் பேங்க்கை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். வாங்க என்றும் சொல்ல மாட்டார், போங்க என்றும் சொல்ல மாட்டார். பழைய பாயை என் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போடுவார். நேற்று சார்ஜ் ஏறி முடிந்து வெகுநேரம் ஆகியும் எனக்கு எழுந்து வர மனம் வரவில்லை.