ரபீகாவின் மெயில் எங்கே?

இன்று காலையும் ரபீகாவின் மெயில் வரவில்லை.

வீட்டுச் சண்டையைக்கூட எழுத்தில் தரச் சொல்கிற மனிதர் ஃபாஸில். கண்டியில் ஒரு தேயிலைக் கம்பனியின் கணினிப் பிரிவுத் தலைவர். பிரிவில் அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது.

"சரி, கம்பனி மெயிலுக்கே எழுதி அனுப்புறன். ஒழுங்கான பதில் வந்தாத்தான் திரும்பி வருவன்" என்று சொல்லிவிட்டு மனைவி ரபீகா அக்குறணையில் இருக்கும் உம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போனையும் எடுப்பதில்லை. நேரில் போய் நிற்பது தலைவருக்கு அழகா?

அம்பிட்டியவில் உள்ள தன் வீட்டில் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது, "உப்புக் காணுமா, இன்னும் போடவா?" என்று கேட்க ஆளில்லை. முன்பு அந்தக் கேள்வியை அவர் தொந்தரவு என்பார்.

திடீரென்று பொறி தட்டியது. ரபீகா தமிழில் எழுதுபவள். தமிழ் மெயில் வழியில் ஆங்கில எழுத்தும் இலக்கமுமாக வேடம் மாறித்தான் பயணம் செய்யும். அவர் பெருமையோடு அமைத்த ஸ்பாம் வடிகட்டியோ, வேடத்தைக் கண்டாலே விசாரிக்காமல் அழித்துவிடும்.

வேடக்காரர் எல்லோருக்கும் வழியைத் திறந்துவிட்டார். ரபீகா வரவில்லை, ரஷ்யப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி மனேஜர் இராமகிருஷ்ணனைக் கல்யாணம் செய்யத் தயாராக இருந்தாள். அதை முதலில் வாசித்தது மனேஜரின் மனைவி.

ஃபாஸில் வழியை மறுபடி இறுக்கி மூடினார். மட்டக்களப்பு ஹோட்டலின் தேயிலை ஓடரும் சேர்ந்து அழிந்தது.

"ஸ்பாமைத் தடுக்கச் சொன்னா வியாபாரத்தத் தடுக்கிறீங்களே, ஃபாஸில்" என்றார் மனேஜர்.

இது உலகளாவிய சிக்கல் என்று விளக்கிவிட்டு ஃபாஸில் கடைசி ஏற்பாட்டைச் செய்தார். தமிழ் மெயில் யாருக்கு வந்தாலும் பொதுப் பெட்டிக்குப் போகும். கிளார்க் நிரோஷா வாசித்து, உரியவருக்கு அனுப்புவாள். 'மனிதச் சரிபார்ப்பு மையம்' என்று பெயரும் சூட்டினார். மையம் என்பது நிரோஷா உட்காரும் கதிரைதான்.

ரபீகாவின் மனக்குறையை முதலில் வாசிக்கப்போவது யார் என்பது பிறகுதான் உறைத்தது. நிரோஷாவின் மேசையடியில் போய்த் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ஏதும்...?"

"ஒங்களுக்கு அனுப்புற மாதிரி ஒண்ணுமில்ல, சேர்."

வாரம் முடிந்தது. ஜன்னலுக்கு வெளியே மழையில் அக்குறணை பஸ் ஒன்று புறப்பட்டது. அதன் பின்விளக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். அதில் ஏறியிருக்கலாம் என்று முதல் தடவையாக நினைத்தார்.

தேநீர் கொண்டுவரும் பாலம்மா, கோப்பையை வைத்தபிறகும் போகவில்லை.

"மேடம் மெயிலுக்கு மேல மெயில் போட்டாங்க, சேர். நிரோஷா வாசிக்க வாசிக்க எங்களுக்கே அழுக வந்துருச்சு. இப்ப பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்காங்க, போயி கூட்டிட்டு வாங்க. ஒங்க பேரப் போட்டு மன்னிப்பெல்லாம் நாங்களே கேட்டுட்டோம்."