பண்பாட்டுப் புகையும் சாப்பாட்டுப் புகையும்

எங்கள் ஊர் நகராட்சித் தாவரத் தோட்டத்தில் ஜூலை மாதம் 'பூர்வகுடிப் பண்பாட்டுக் குடும்பத் திருநாள்' வெகு விமரிசையாக நடக்கும். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற பூர்வகுடிப் பெண் மெர்ல், அன்றைக்கு மட்டும் நகராட்சிக்கே அத்தை. மற்ற நாளில் "ஏம்மா, பஸ்ஸை எடு" என்று விரட்டுகிறவர்கள், அன்று "அத்தை, டீ சாப்பிட்டீங்களா?" என்று குழைவார்கள். பிள்ளைகளுக்கு முகத்தில் புள்ளி வைப்பார்கள், எறிய பூமராங் கொடுப்பார்கள். அது நகராட்சி அங்கீகரித்த ஸ்பாஞ்சு பூமராங். திரும்பி வராது, ஆனால் யாருக்கும் அடிபடாது.

மெர்ல் அத்தைக்கு இந்த வருஷம் இதிலெல்லாம் மனசு ஒட்டவில்லை. அண்ணன் மகள் ஷாண்டெல் பெர்த்திலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்தாள். மறுநாள் விமானம். பிறந்த குழந்தையைச் சொந்த மண்ணில், தைலமரத் தழைப் புகையில் ஒருதரம் காட்டி எடுக்க வேண்டும். தோட்டத்துக்கு வேலி விழுமுன் அவர்கள் கூட்டம் குடியிருந்த ஆற்றங்கரை அது. இதை விட்டால் பிள்ளை எப்போது வருமோ என்பதுதான் அத்தையின் கவலை.

அத்தை தழையும் சுள்ளியுமாகக் குந்தித் தீப்பெட்டியை எடுத்ததுதான் தாமதம், ஓடி வந்தான் டிரிஸ்டன். அவன் பண்பாட்டு நல்லிணக்கம் மற்றும் புல்தரைப் பாதுகாப்பு அலுவலர். மேற்படி அலுவலர் முதற்கண் இம்மண்ணின் முன்னாள் மூத்தோரையும், இந்நாள் மூத்தோரையும், இனி வரப்போகும் மூத்தோரையும் முறைப்படி வணங்கினான். பிறகு, "நெருப்பு மூட்டக்கூடாது அத்தை" என்றான்.

"புகைச் சடங்குன்னு அழைப்பிதழ்ல போட்டது நீங்கதானேப்பா?"

"புகைக்கு அனுமதி உண்டு அத்தை. நெருப்புக்குத்தான் இல்லை."

"நெருப்பில்லாம புகையுமா?"

"நகராட்சி நினைச்சா புகையும்." டிரிஸ்டன் பெருமையோடு ஒரு துணியை விலக்கினான். பாட்டுக் கச்சேரி மேடையில் வைக்கிற புகை இயந்திரம்! "தைலமர வாசனை வேற கலந்திருக்கோம்."

அத்தையின் ஒன்றுவிட்ட தம்பி லைல் விழுந்து விழுந்து சிரித்தான். "அதுலயே காட்டுக்கா! பிள்ளை பெரிய பாட்டுக்காரியா வரும்!"

"வாயை மூடுடா, மானம் போகுது."

இயந்திரம் ரோஸ் நிறத்தில் குபுகுபுவென்று கக்கியது. குழந்தை ஒரு தும்மல் போட்டுவிட்டு வீரிட்டு அழுதது. வந்திருந்தவர்கள் கண்கலங்கிக் கைதட்டினார்கள். அத்தைக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. பத்தடி தள்ளி நகராட்சி ஊழியர் மன்றத்தார் விறகடுப்பு மூட்டி, கறி அடைத்த சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தீ ஆளுயரம்.

"அது என்ன டிரிஸ்டன்?"

"அது சாப்பாட்டுப் புகை அத்தை. அதுக்கு விலக்கு இருக்கு. உங்களோடது பண்பாட்டுப் புகை."

"சாப்பாட்டுப் புகைன்னு எதை வெச்சு முடிவு பண்றீங்க?"

"சாசேஜ் இருக்கணும்."

"எத்தனை?"

இது டிரிஸ்டனுக்குத் தெரியாது. மேலிடத்துக்குப் போன் போட்டான். மேலிடம் தன் மேலிடத்தைக் கேட்டது. அந்த மேலிடம் மீன்பிடிக்கப் போயிருந்தபடியால் படகிலிருந்தே ஆணை பிறப்பித்தது: ஒன்று போதுமானது.

லைல் ஓடிப்போய் ஒன்று வாங்கி வந்தான். அத்தை நெருப்பு மூட்டி, தழை போட்டு, அதன் தலையில் சாசேஜை வைத்தாள். வெள்ளைவெளேரென்று புகை எழுந்தது. ஷாண்டெல் குழந்தையை ஏந்திக்கொண்டு அதற்குள் நடந்தாள். அத்தை தங்கள் வீராஜூரி மொழியில் அதன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அழுத பிள்ளை கப்சிப்பென்று ஆகிவிட்டது. அத்தைக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போயிற்று. நடுவே டிரிஸ்டன் குனிந்து சாசேஜைத் திருப்பிப் போட்டான். ஒரு பக்கம் கருகினால் அது சாப்பாடாகாதாம்.

மறுவருஷ அழைப்பிதழில் 'தொன்மைமிகு சாசேஜ் புகைச் சடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்கள். ஒரு பேராசிரியர் வந்து, சாசேஜ் கிழக்குமேற்காகக் கிடப்பதன் உட்பொருளை விளக்கினார். சைவக்காரர்கள் சோயா சாசேஜ் கேட்டு மனுக்கொடுக்க, அதற்கொரு குழு அமைந்தது. அத்தைக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாயிற்று. நேரே நகராட்சிக்குப் போய்ச் சண்டை போட்டு, நெருப்புக்கே அனுமதி வாங்கிவிட்டாள்.

திருநாளன்று நெருப்பு, தழை, புகை, வேறொன்றும் இல்லை. ஷாண்டெல் நடைபழகும் பிள்ளையோடு வந்தவள், புகைக்கு எட்டவே நின்றுவிட்டாள்.

"ஏன்டி நிக்கிற? வா."

ஷாண்டெல் கிட்டே வந்து காதோடு சொன்னாள்: "தப்பா நினைக்காதே அத்தை. போன வருஷம் சாசேஜோட காட்டினதுலேருந்து பிள்ளைக்கு ஒரு சளி, காய்ச்சல் இல்லை. எதுக்கு வம்பு? ஒண்ணே ஒண்ணு வெச்சிடேன்."

அத்தை அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு லைலைக் கூப்பிட்டாள்.

"டேய், ஓடு. கொஞ்சம் பெரிசாவே பார்த்து வாங்கிட்டு வா."