ஜெபாவின் கலர் டிரஸ்ஸும் என் புருவமும்

என் மகளுக்குச் சுதந்திரம் கொடுப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்த கையோடு, முடிவு செய்தேன்.

அவள் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தது. கம்பெனி பஸ்ஸில் போகும்போது செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மா பேசினார். ஒவ்வொரு குழந்தைக்குள்ளும் ஒரு ஸ்டைல் இருக்கிறதாம். அப்பா அம்மா அதை நசுக்கிவிடுகிறார்களாம். புதுவாயலில் ஏறி சிப்காட்டில் இறங்குவதற்குள் மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் நசுக்குகிறவளாக என் மனைவி கிறிஸ்டினாதான் கண்ணுக்குத் தெரிந்தாள்.

நான் பென்னி. கும்மிடிப்பூண்டியில் ரப்பர் வளையம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். வளையத்தை எடுப்பேன், பார்ப்பேன், குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகப் போடுவேன். இருபது வருஷமாக இதுதான். குறை இல்லாத வளையம் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

கிறிஸ்டினா ஏற்றுமதி கம்பெனியில் தையல். ஒரு நாளைக்கு நானூறு சட்டைக்குக் காலர் வைப்பாள். எங்கேயோ இருக்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கழுத்தெல்லாம் அவள் கையால்தான் நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக்குத் துணி எடுப்பதென்றால் நானும் கூடப் போவேன். துணியில் எனக்கு ஒரு கண் உண்டு. நானே சொல்லிக்கொள்வதுதான்.

மகள் ஜெபாவுக்கு அடுத்த வாரம் பதிமூன்றாவது பிறந்தநாள். அன்றைக்கு மட்டும் யூனிபார்ம் இல்லாமல் பள்ளிக்கூடம் போகலாம். கலர் டிரஸ்.

"கிறிஸ்டி, இந்த வாட்டி ஜெபா டிரஸ்ஸ ஜெபாதான் எடுக்கணும். நீயோ நானோ வாயே தொறக்கக் கூடாது."

கிறிஸ்டினா மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"சரிங்க."

கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். அவள் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னால் நான் பயந்திருக்க வேண்டும். பயப்படாமல் மகளைக் கூப்பிட்டேன். வீடியோவில் அந்த அம்மா கேட்கச் சொன்ன கேள்வியையே கேட்டேன்.

"ஜெபா, எந்தக் கலர் போட்டா உனக்கு சந்தோஷமா இருக்கும்?"

ஜெபா என் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு எது புடிக்கும்ப்பா?"

"என்னை உடு. உன் ஸ்டைல் இன்னான்னு சொல்லு."

"நீ சொல்லேன்."

"நான் சொல்லக் கூடாதும்மா. சொல்றதா இருந்தா லைட் பிங்க்குனு சொல்லுவேன். ஆனா சொல்ல மாட்டேன்."

"எனக்கும் லைட் பிங்க்குதான்ப்பா."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ரத்தம் பேசுகிறது. கிறிஸ்டினா மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள், "சூப்பரா கேட்டீங்க."

சனிக்கிழமை மூன்று பேரும் கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் போனோம். எப்போதும் போகிற கடைதான். அங்கே விற்பனையில் நிற்கிற அருணா முன்னே கிறிஸ்டினாவோடு தைத்தவள். எங்களைப் பார்த்ததும் ஸ்டூல் போட்டாள்.

"பாப்பாதான் எடுக்கும். நான் சும்மா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஜெபா போய் ஒரு சட்டையைத் தொட்டாள். பச்சையும் கறுப்பும் கட்டம் போட்டது, தொளதொளவென்று, ஆம்பிளைப் பையன் சட்டை மாதிரி. தொட்டதும் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஒன்றுமே சொல்லவில்லை. வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சொல்கிறேன். என் இடது புருவம் மட்டும் கொஞ்சம் ஏறியது. அது என் கட்டுப்பாட்டில் இல்லை. இருபது வருஷத் தொழில்.

அவள் கை சட்டையை விட்டது.

அடுத்து ஒரு மஞ்சள். பார்த்தாள். ஏறியது. விட்டாள். ஒரு நீல ஜீன்ஸ், முட்டியில் கிழித்துவிட்டது. அதற்கு இரண்டு புருவமும் ஏறிவிட்டன. நாற்பது நிமிஷம் இப்படிப் போனது. அருணா தாங்க முடியாமல், "அண்ணா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்களேன்," என்றாள்.

"நான் இன்னாம்மா பண்ணேன்?"

கடைசியில் ஜெபா ஒரு லைட் பிங்க் கவுன் முன்னால் போய் நின்றாள். இடுப்பில் ரிப்பன், கைக்கு ஜாலர். என்னைப் பார்த்தாள். என் புருவம் சமாதானமாக இருந்தது.

"இதுப்பா," என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை. வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"பாத்தியா கிறிஸ்டி, அவளேதான் எடுத்தா."

"ஆமாங்க," என்றாள் கிறிஸ்டினா. "வண்டிய எங்க உட்டீங்க?"

"டிரான்ஸ்பார்மர் பக்கத்துல."

"அங்க போலீசு வண்டிங்கள ஏத்திகினு கீதாம். இப்பதான் ஒரு அம்மா சொல்லிகினு போச்சு."

ஓடினேன். தவணை முடிந்து நாலு மாசம்தான் ஆன வண்டி. போய்ப் பார்த்தால் விட்ட இடத்திலேயே நிற்கிறது. அதன் நிழலில் ஒரு ஆடு படுத்திருக்கிறது. போலீஸ் யாரும் இல்லை. ஒருவேளை இனிமேல் வரலாம் என்று இருபது நிமிஷம் காவல் நின்றேன். திரும்பிப் போனால், பில் போட்டு, பையைக் கட்டி, ஜெபா கையில் கொடுத்தாகிவிட்டது. ஜெபா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். பிங்க் கவுன் மேல் இவ்வளவு ஆசையா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறந்தநாள் காலை. நான் இட்லிக்கு உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து ஜெபா வந்தாள்.

பச்சை கறுப்புக் கட்டச் சட்டை. கையை இரண்டு மடிப்பு மடித்திருந்தாள். கறுப்பு ஜீன்ஸ். பின்னல் இல்லை, முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். நேராகக் கண்ணாடி முன்னால் போய் நின்று, இப்படித் திரும்பி அப்படித் திரும்பிப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. நான் புருவத்தை ஏற்றிக்கொண்டு காத்திருந்தேன். வீணாகப் போனது.

உண்மையைச் சொல்ல வேண்டும். நன்றாக இருந்தாள். என் மகள் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. அதுதான் கசந்தது.

"ஆட்டோ வந்துச்சும்மா," என்று சொல்லிவிட்டு அவள் போன பிறகு கிறிஸ்டினாவைக் கேட்டேன். "பிங்க்கு எங்க?"

"கடைல."

"போலீசு?"

"போலீசு ஸ்டேசன்ல."

"அப்ப என்னை ஏமாத்தி வெளிய அனுப்பினே."

"வேற இன்னா பண்றது? நீங்க அந்தாண்ட போனதும் அஞ்சு நிமிசம். ஓடிப் போயி அந்தச் சட்டையத்தான் எடுத்தா. யாரையும் கேக்கல." இன்னொரு இட்லி வைத்தாள். "அவளுக்குப் பருவம் மாறுற வயசு. அது உங்க புருவம் மாறுறதையே பாத்துகினு கீது."

"நான் ஒரு வார்த்தை வேணாம்னு சொன்னேனா?"

"சொன்னதே இல்லைங்க. சொல்லியிருந்தா எதிர்த்துச் சண்டையாச்சும் போட்டிருப்போம்."

மகளோடு தன்னையும் சேர்த்து அவள் போட்ட அந்த 'போம்' எனக்கு உறைத்தது. பீரோவைத் திறந்து பார்த்தேன். அவள் புடவைகள். அரக்கு, அரக்கு, இன்னொரு அரக்கு, நடுவில் ஒரு காப்பிக் கலர். எல்லாம் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க எடுத்தவை. எனக்குப் பிடித்த கலர் அவளுக்கும் பிடிக்கிறது என்று ஊரெல்லாம் பீற்றியிருக்கிறேன். நானூறு காலர் வைக்கிறவளுக்குக் கலர் தெரியாது என்று நினைத்த ஒரே ஆள் நான்தான்.

சாயங்காலம் கேக் வெட்டிய பிறகு ஜெபா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள்.

"அப்பா, உன் ஸ்டைல் இன்னாப்பா?"

ஆறு நாள் கம்பெனி யூனிபார்ம். ஏழாவது நாள் வெள்ளைச் சட்டை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். அடுத்தவர் எதைப் போடக் கூடாது என்று ஆயிரம் தெரியும். நான் எதைப் போட ஆசைப்படுகிறேன் என்று ஒன்றுகூடத் தோன்றவில்லை. கேக்கை வாயில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு தனியாகவே கடைக்குக் கிளம்பினேன்.

"எங்க?" என்றாள் கிறிஸ்டினா.

"எனக்கு ஒரு சட்டை எடுக்கணும். நானே போறேன். நீ வராத, ஜெபாவும் வர வேணாம். யார் மூஞ்சியும் எனக்கு வேணாம்."

"சரிங்க."

அருணா என்னைத் தனியாகப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. நாலு சட்டை கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். முதலாவது ரோஸ், உடம்பெல்லாம் செம்பருத்திப் பூ. புருவம் ஏறியது. தள்ளினேன். இரண்டாவது பளபளவென்று, பாண்டு வாசிக்கிறவர் போடுவது. தள்ளினேன். மூன்றாவது முதுகில் சிறுத்தை வாய் பிளந்து நின்றது. தள்ளினேன். நாலாவது சாம்பல் கலர், மெல்லிசாகக் கோடு. கையில் எடுத்தேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கண்ணாடி முன்னால் வைத்துப் பார்த்தேன். எனக்குள் இருந்து ஏதோ வெளியே வந்த மாதிரி இருந்தது. நாற்பத்து மூன்று வயதில் வந்தாலும் வந்ததுதான்.

வண்டியில் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பையைப் பிரிக்காமல் மேசையில் வைத்தேன்.

"என் ஸ்டைல் இன்னான்னு ஜெபா கேட்டாள்ல. கூப்புடு, காட்டறேன்."

"சாம்பல் கலர்," என்றாள் கிறிஸ்டினா. "மெல்லிசா கோடு."

நான் பையைப் பார்த்தேன். முடிச்சு அப்படியேதான் இருந்தது.

"நீங்க கெளம்பினதுமே அருணாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேங்க. உங்களுக்கு அதுதான் நல்லா நிக்கும். பதினஞ்சு வருசமா உங்க சட்டையெல்லாம் இப்படித்தான் எடுக்கிறோம்."

"இல்ல கிறிஸ்டி. அவ நாலு சட்ட காட்டினா. அதுல மூணு வேணாம்னு நானேதான் தள்ளினேன்."

"தெரியும். நீங்க தள்ளுறாப்புல மூணு கூட வெக்கச் சொன்னதே நான்தான்."