தங்கமோப்பியும் பத்து வாளிகளும்

இங்கிலாந்தின் நார்ஃபக்கில், ஹாலிங்கம் கிராமத்துப் பண்ணைக்காரர் கோட்ஸ் ஆண்டுக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வயலைப் புதையல் தேடுகிறவர்களுக்குத் திறந்துவிடுவார். கோதுமை அறுத்து முடித்த செப்டம்பரில். கிடைத்ததில் பாதி அவருக்கு, தோண்டிய குழியைத் தோண்டியவரே மூட வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். வழக்கமாக அன்று காலை ஒன்பது மணிக்கெல்லாம் நாற்பது ஐம்பது பேர் காதில் ஹெட்ஃபோனோடு, மெட்டல் டிடெக்டரைத் தரையை ஒட்டி வீசியபடி, குனிந்த தலை நிமிராமல் நடந்துகொண்டிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஊரே சேர்ந்து வயலைப் பெருக்குவதாகத் தோன்றும்.

இந்த ஞாயிறு ஒருவரும் பெருக்கவில்லை. டிடெக்டர்கள் வேலியோரம் அனாதையாகச் சாய்ந்து கிடந்தன. கூட்டம் முழுக்க ஒரு நீல வேனைச் சுற்றி நின்றது. வேனுக்கு முன்னால் ஒரு சிவப்புப் பாய். பாயின் மேல் கேப்டன் குவெய்ல்.

எந்தக் கப்பலுக்குக் கேப்டன் என்று யாரும் கேட்கவில்லை. மீசையைப் பார்த்தே நம்பிவிட்டார்கள்.

"ரெண்டு மைல்!" என்றார் கேப்டன். கையில் ஒரு கறுப்புப் பிடி, அதன் நுனியில் காற்றுக்கு ஆடும் பித்தளைக் குச்சி. "ரெண்டு மைலுக்குள்ள தங்கம் எங்க இருந்தாலும் இந்தத் தங்கமோப்பி மோப்பம் பிடிச்சிரும். ஆணியா? சீந்தாது. பீர் டப்பா வளையமா? திரும்பிக்கூடப் பாக்காது. தங்கம், தங்கம், தங்கம் மட்டுமே!"

கூட்டம் பெருமூச்சு விட்டது. இரண்டு மைலுக்குள் ஒரு நகைக்கடையும், தங்கப்பல் கட்டிய பாதிரியாரும், கல்யாணமான பெண்கள் முந்நூறு பேரும் இருக்கும்போது அந்தக் குச்சி ஏன் மின்விசிறிபோலச் சுற்றவில்லை என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. யோசனையையும் டிடெக்டரோடு வேலியில் சாய்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

முன்வரிசையில் வாயைத் திறந்தபடி நின்றவர் டெரெக் லார்ட்டர். சர்க்கரை ஆலைக்குக் கிழங்கு ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். எட்டு வருடத்துக்கு முன் டிடெக்டர் வாங்கியபோது அவர் பட்ட பாடு சாமானியமில்லை. அதன் நுனியில் உள்ள வட்டு பெரிதாக இருந்தால் ஆழம் கிடைக்கும், ஆனால் கை வலிக்கும். சிறிதாக இருந்தால் ஆணிக்கு நடுவே நாணயத்தைப் பிரித்துக் காட்டும், ஆனால் வயலை முடிக்க ஆயுள் போதாது. மூன்று மாதம் படித்து, நான்கு பேரைக் கேட்டு, ஐந்தாவது ஆள் சொன்னதை வாங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை அவர் கண்டெடுத்தவை: பொத்தான்கள், துப்பாக்கி ரவை, ஒரு டிராக்டரின் பாதி. தங்கம் ஒரு குன்றிமணிகூட இல்லை.

ஆகவே இன்று நான்கு மணிக்குக் கையெழுத்து. பழைய டிடெக்டரையும் கடற்கரையில் நிற்கும் கேரவன் வண்டிவீட்டையும் கேப்டனிடம் கொடுத்துவிட்டு, ஒரு தங்கமோப்பியை வாங்கிக்கொள்வது என்று டெரெக் முடிவு செய்திருந்தார். அந்தக் கேரவன் அவருக்கும் மனைவி ரோவினாவுக்கும் பொதுச்சொத்து என்பதும், வருடத்தில் இரண்டு வாரம் அவள் மனிதர்கள் பேச்சே கேட்காமல் அலையை மட்டும் கேட்டுக்கொண்டு கிடக்கும் ஒரே இடம் அது என்பதும் சின்ன விஷயங்கள். அவளிடம் காலையில்தான் சொன்னார். அதுவும் கழிவறைக் கதவுக்கு வெளியே நின்று.

ரோவினா இப்போது தேநீர்க் குடுவையோடு வயலுக்கே வந்துவிட்டாள்.

"எங்க அந்த அதிசயம்?"

"சத்தம் போடாத ரோவினா. இப்பதான் காட்டப் போறாரு."

கேப்டன் வேனுக்குப் பின்னால் போய் நின்றார். கூட்டத்திலிருந்து ஒருவர் தன் மோதிரத்தை வயலில் ஒரு கோதுமைத் தாளடிக்குக் கீழே மறைத்து வைத்தார். கேப்டன் திரும்பி வந்து பாயில் நின்று கண்ணை மூடி, திறந்து, நடந்தார். இடப்பக்கம் போனார். நின்றார். கூட்டத்தை ஒரு புன்னகையோடு சுற்றிப் பார்த்தார். வலப்பக்கம் வந்தார். குச்சி நடுங்கியது, குனிந்தது, மோதிரத்தைத் தொட்டு நின்றது.

ஆரவாரம்! ஒருவர் தொப்பியை மேலே எறிந்தார். இன்னொருவர் அழுதேவிட்டார். டெரெக் மனைவியின் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

"பாத்தியா? பாத்தியா?"

"பாத்தேன்," என்றாள் ரோவினா. "நான் உங்க எல்லாரோட காலையும்தான் பாத்தேன்."

"என்ன காலு?"

"எல்லாரோட ரப்பர் பூட்ஸும் அந்த மோதிரத்தைப் பாத்துத் திரும்பியிருந்துச்சு டெரெக். நாப்பது ஜோடி. கண்ணும் அங்கதான். முப்பது வருஷம் ஒண்ணாங்கிளாஸ் எடுத்தவ நான். 'சாக்பீஸ் எறிஞ்சது யாரு'ன்னு கேட்டா ஒரு வாண்டும் வாயத் திறக்காது. ஆனா கண்ணு மொத்தமும் எறிஞ்சவன் மேலதான் இருக்கும். இந்த ஆளு தங்கத்தை மோப்பம் பிடிக்கல. உங்களை வாசிக்கிறான்."

"உனக்குப் பொறாமை."

"எனக்குக் கேரவன் கவலை."

அவள் நேராகப் போய்ப் பாயின் முன் நின்றாள்.

"கேப்டன், கேரவன்ல பாதி என்னுது. என் கையெழுத்து இல்லாம அது நகராது. ஒரு சின்னப் பரீட்சை வெச்சுக்கலாமா? நீங்க ஜெயிச்சா நானே உங்க பேனாவுக்கு மை ஊத்தறேன்."

கேப்டன் சிரித்தார். "ஒண்ணு என்ன அம்மணி, ஒம்போது வைங்க!" ஒரே வித்தையை ஆயிரம் தடவை செய்தவருக்கு வரும் சிரிப்பு அது.

கோட்ஸிடமிருந்து பத்து வாளிகள் வந்தன. உருளைக்கிழங்கு வாளிகள், ஒன்றிலிருந்து பத்துவரை எண் எழுதியவை. வயலில் வரிசையாகக் கவிழ்த்தார்கள். கேப்டன் வேலியோர ரொட்டி வண்டியிலிருந்து ஒரு பன்றியிறைச்சி ரொட்டியை எடுத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் போனார்.

ரோவினா தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றினாள். இருபத்தாறு வருடத்தில் அவள் விரல் வெறுமையாக இருந்ததை டெரெக் பார்த்ததே இல்லை. அவள் மோதிரத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள், கையை மூடினாள், ஆறாம் வாளியைச் சாய்த்து அடியில் கையை விட்டாள், பட்டென்று கவிழ்த்தாள். திரும்பி வந்து, கோணலாகக் கிடந்த சிவப்புப் பாயைக் குனிந்து நேராக்கினாள். எதையும் நேராக்காமல் அவளால் இருக்க முடியாது. அதை யாரும் கவனிக்கவில்லை. நாற்பது ஜோடி கண்ணும் ஆறாம் வாளியில்தான் இருந்தது.

"வாங்க கேப்டன்!"

கேப்டன் வந்தார். பாயில் நின்றார். வாயோரத்து எண்ணெயைத் துடைத்தார். புன்னகையோடு கூட்டத்தை ஒரு சுற்று பார்த்தார். இரண்டாம் வாளி. இல்லை. ஒன்பதாம் வாளி. ஊகூம். குச்சி மெல்ல, மிக மெல்ல, ஆறாம் வாளிக்கு மேல் வந்து, விழுந்து கும்பிட்டது.

வயல் அதிர்ந்தது. கேப்டனைத் தூக்கித் தோளில் வைக்க நான்கு பேர் ஓடினார்கள்.

"இருங்கய்யா," என்றாள் ரோவினா. "முதல்ல வாளியைத் தூக்குங்க."

டெரெக்கே தூக்கினார். உள்ளே பளபளவென்று கிடந்தது ஒரு பீர் டப்பா வளையம்.



"மோசடி!" என்று கத்தினார் கேப்டன். "இந்தம்மா தங்கத்தை வைக்கவே இல்ல!"

"ஆமா, வைக்கல. தங்கம் இல்லாத எடத்துக்கு உங்க மோப்பி ஏன் போச்சு?"

கேப்டன் வானத்தைக் காட்டினார். "காந்தப் புயல். சூரியன்ல இன்னிக்கு..."

"சரி, புயல் நிக்கட்டும். மோதிரம் இந்த வயல்லதான் இருக்கு. ரெண்டு மைல்லாம் வேண்டாம். கண்டுபிடிங்க."

இப்போதுதான் வேடிக்கை. மோதிரம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். குச்சியும் ஆளுக்கு ஒரு பக்கம் போனது. கோட்ஸ் தன் டிராக்டரைப் பார்த்தார், குச்சி டிராக்டருக்கு ஓடியது. ஒருவர் ரொட்டி வண்டியைப் பார்த்தார், குச்சி ரொட்டி வண்டிக்கு ஓடியது. கேப்டன் வயலைச் சுற்றி மூன்று முறை ஓடி, வியர்த்து, மூச்சிரைத்து, பழக்கதோஷத்தில் தன் சிவப்புப் பாயிலேயே வந்து நின்றார்.

"டெரெக்," என்றாள் ரோவினா. "உன் மிஷினைக் கொண்டா. அந்தப் பாய் மேல வீசு."

டெரெக் வேலியோரத்திலிருந்து டிடெக்டரை எடுத்து வந்தார். வீசினார். சத்தமே இல்லை. கேப்டனின் மீசை நிமிர்ந்தது.

"மிஷின்ல எந்தச் சத்தத்தை அமுக்கி வெச்சிருக்க?" என்று டெரெக்கைக் கேட்டாள் ரோவினா.

"டப்பா வளையத்தைத்தான். எல்லாரும் அப்பிடித்தான். இல்லன்னா நாள் பூரா வளையமாவே தோண்டணும்."

"அதைத் திறந்துவிடு."

திறந்தார். வீசினார். டிடெக்டர் கீச்சென்று கத்தியது.

"இது வளையம், ரோவினா. எனக்குத் தெரியாதா? எட்டு வருஷமாக் கேக்கற சத்தம்."

"தோண்டு."

கேப்டனை நகரச் சொல்லி, பாயை விலக்கி, டெரெக் விரலால் மண்ணைக் கிளறினார். அரை விரற்கடை ஆழத்தில் அவருடைய இருபத்தாறு வருடக் கல்யாணம் மினுங்கியது.

"வளையமும் மோதிரமும் உன் மிஷினுக்கு ஒரே சத்தம்," என்றாள் ரோவினா. "நீ வாங்கினப்ப வந்த புத்தகத்துல நாலாம் பக்கத்துலயே போட்டிருக்கு. நான் படிச்சேன். எட்டு வருஷமாத் தங்கத்தோட வாயைக் கட்டிப் போட்டுட்டு, தங்கம் கூப்பிடலையேன்னு அழுதிருக்க."

சிரிப்பு முதலில் பின்வரிசையில் வெடித்தது. பிறகு வயல் முழுக்கப் பரவியது. நாற்பது பேரும் அதே சத்தத்தைத்தான் அமுக்கி வைத்திருந்தார்கள். நாற்பது பேரும் அடுத்தவரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அந்தச் சந்தடியில் கோட்ஸ் தங்கமோப்பியின் கறுப்புப் பிடியை முழங்காலில் வைத்து உடைத்தார். திறந்தால் உள்ளே இருக்கும் தங்க மூலக்கூறுகள் ஓடிப்போய்விடும் என்று கேப்டன் எச்சரித்திருந்த பிடி. உள்ளே ஈஸ்டர் முட்டை மிட்டாயின் தங்கநிறத் தாள் ஒன்று சுருட்டி வைத்திருந்தது. மூலக்கூறுகள் ஓடவில்லை. கேப்டன்தான் ஓடினார். நீல வேன் கதவைச் சாத்தாமலே வயலைத் தாண்டியது.

டெரெக் மோதிரத்தைத் துடைத்து மனைவியின் விரலில் போட்டார். அவர் முகம் காது வரை சிவந்திருந்தது.

"கேரவனுக்குப் போலாமா? இந்த வாரமே?"

"நீ வாயத் தொறக்க மாட்டேன்னா போலாம்."

அப்போது கூட்டத்தில் ஒருவர், அழுதவர்தான், தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். "அந்த மிட்டாய்த் தாளு சும்மாதான் கெடக்கு. அதை மட்டும் நான் எடுத்துக்கலாமா? கொஞ்சமாவது சக்தி இருக்கும்ல?"

ரோவினா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தாராளமா எடுத்துக்குங்க. ஆனா முதல்ல உங்க மிஷினைத் தலைக்கு மேல பிடிச்சு ஒரு தடவை வீசிப் பாருங்க. உள்ள ஏதாவது இருந்தா, அதையும் தோண்டி வெளிய எடுத்து உபயோகப்படுத்துங்க. அதுல கோட்ஸுக்குப் பாதி தர வேண்டியதில்லை."